இடது கண்ணைக் காணோம்

ஒரு கேள்வி கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு உங்கள் வீட்டுக்காரர் தானாக வந்து, "இன்னைக்கு முழுக்கப் பாப்பாவை நான் பார்த்துக்கறேன். குளிப்பாட்டறது, ஊட்டறது, ஆய் கழுவறது, எல்லாம் நானே" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

சந்தோஷப்படுவேன் என்று சொல்கிறவர்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

நான் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை.

"என்னங்க, என்ன பண்ணுது உங்களுக்கு?"

"ஒண்ணும் பண்ணலை. ஏன், என் பொண்ணுக்கு நான் செய்யக் கூடாதா?"

"ரெண்டரை வருஷமா உங்க பொண்ணுதான். இன்னைக்குத்தான் தகவல் வந்துச்சா?"

 பாப்பாவின் ஆய் டப்பாவை எடுத்துத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, பக்கத்திலேயே காவலுக்கு நின்றுகொண்டார். 

எங்கள் வீட்டு நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்குப் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. அச்சு எடுத்து, வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்குவதில் கெட்டிக்காரர். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். நான் வீட்டிலேயே துணி தைக்கிறேன். மகளுக்குப் பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் யாரும் கூப்பிடுவதில்லை. வாலு என்றால்தான் அவளே திரும்பிப் பார்ப்பாள்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. குட்டிக் கார். கடையில் விற்கிற பொம்மைக் கார் என்று சொன்னால் கோபம் வந்துவிடும். நிஜக் காரை இருபத்துநாலு பங்காகச் சுருக்கினால் வருகிற கார். உள்ளங்கையில் நிற்கும். கதவு திறக்கும், சக்கரம் திரும்பும், சீட்டுக்கு உறை போட்டிருக்கும். அதுவும் செய்த கம்பெனியே மூடிப்போன பழைய மாடலாகப் பார்த்துத்தான் பிடிப்பார். கம்பெனியே இல்லாத காருக்குப் பாகம் எங்கே கிடைக்கும்? கடல் தாண்டி முகம் தெரியாத யார் யாருக்கோ எழுதுவார். அவர்களும் இல்லை என்று எழுதுவார்கள். "பாரேன், எவ்வளவு மரியாதையா இல்லைன்னு சொல்லியிருக்காரு" என்று அதை எனக்கும் படித்துக் காட்டுவார்.

வெளியே கிடைக்காத பாகமெல்லாம் எங்கள் வீட்டில் கிடைக்கும். ஜன்னலில் அடித்த கொசுவலையில் ஒரு துண்டு காரின் முன்பக்கத்துக்குப் போயிற்று. என் கொண்டை ஊசி வைப்பராயிற்று. மாத்திரை அட்டையின் வெள்ளித் தாள் கண்ணாடியாயிற்று. என் அளவு டேப்பின் கடைசி இரண்டு அங்குலம் சீட் பெல்ட். கேட்டால், "கடைசியிலதானே வெட்டினேன், முதல்லயா வெட்டினேன்?" என்றார், பெரிய உபகாரம் செய்தவர் மாதிரி.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் வாலு சோற்றோடு சேர்த்து ஒரு டயரைத் துப்பினாள். அன்றைக்குத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"பாப்பாவுக்கு அஞ்சு வயசு ஆகிற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு பாகம் கண்ணுல படக் கூடாது."

"சத்தியமா தொடமாட்டேன்."

"சத்தியமெல்லாம் வேணாம். பெட்டியைக் கட்டி, மச்சு மேல வைங்க."

வைத்தார். நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மனிதர் தினமும் ஒரு மணி நேரம் குளிக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் குளித்துவிட்டுக் காய்ந்த தலையோடு வெளியே வருவார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். துணி மடிக்கச் சொல்வேன் என்று ஒளிந்துகொள்கிறார் என நினைத்துவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ஒன்பது மணிக்குக் கட்டிலுக்கு அடியில் குரல் கேட்டது. "கண்ணு… கண்ணு… எங்க இருக்க கண்ணு?"

வாலு கட்டில் மேலே உட்கார்ந்து தலையணையை உதைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கண்ணு மேல இருக்கா" என்றேன்.

"ஆமா ஆமா" என்று தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார். வந்த வேகத்தில் அவள் வாயைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தார்.

"என்னங்க இது?"

"பல்லு எண்ணறேன். தொழில் பழக்கம்."

பத்து மணிக்குள் மூன்று வாழைப்பழம் ஊட்டினார். பிறகு அவளைக் கையைப் பிடித்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்க வைத்தார். நடுநடுவே நிறுத்தி அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். மாடிவீட்டு அக்கா படியில் நின்று இதையெல்லாம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரரை எப்படி இப்படிப் பழக்கின?"

"நான் ஒண்ணுமே பண்ணலை அக்கா. தானாவே இப்படி ஆயிட்டாரு."

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே. குழந்தை அழுதா, டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கும். எதுக்கும் இவரை ஒரு டாக்டர்கிட்டக் காட்டிடு."

"பயமா இருக்குக்கா."

"காட்டறதுக்கு முன்னாடி ஒரு வாரம் நல்லா வேலை வாங்கிக்கோ."

பதினொரு மணி சுமாருக்கு டீ போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். வடிகட்டியைக் காணோம். அலமாரியில் இல்லை, தொட்டியில் இல்லை. கொல்லைப்பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ஆய் டப்பா. மறு கையில் என் டீ வடிகட்டி. வாலு பக்கத்தில் நின்று ஏதோ வித்தை பார்ப்பது போலக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க பண்றீங்க என் வடிகட்டியில?"

"தேடறேன்."

"அதுல என்னத்தைத் தேடறீங்க?"

வடிகட்டியைக் குழாயடியில் ஒரு தரம் அலசினார். "ஹெட்லைட்டை" என்றார்.

 அவர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். ஒரு மாதமாகக் குளியலறையில் வைத்துப் பிளாஸ்டிக் ஊற்றி அச்சு எடுத்தாராம். நேற்று சாயங்காலம்தான் இரண்டு ஹெட்லைட்டும் குமிழி இல்லாமல் கண்ணாடி மாதிரி வந்ததாம். வெயில் பட்டால்தான் இறுகும் என்று, நான் கொடியில் துணி எடுக்கப் போன ஐந்து நிமிடத்தில் என் தையல் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தாராம்.

"திரும்பிப் பார்த்தா வலது கண்ணு மட்டும் இருக்கு. இடது கண்ணைக் காணோம். வாலு வாயை இறுக்கி மூடிட்டு நிக்கறா."

"கேட்டீங்களா அவளை?"

"கேட்டேன். முழுங்கினியான்னேன். ம்னா."

"ஐயோ!"

"முழுங்கலியான்னேன். அதுக்கும் ம்னா."

"நேத்தே ஏங்க சொல்லலை?"

"சத்தியம் பண்ணியிருக்கேனே. போன்ல தேடினேன், ரெண்டு நாள்ல தானா வந்துடும்னு போட்டிருந்துச்சு. வந்ததும் எடுத்து ஒளிச்சிடலாம்னு…"  பாவம், ராத்திரி தூங்காத முகம். நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. வாலுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

கிளினிக் இரண்டு தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி வரைக்கும் டாக்டரம்மா இருப்பார். பின்னாலேயே இவர் ஓடி வந்தார். காலில் ஒன்று என் செருப்பு, ஒன்று அவர் செருப்பு. மாதிரி காட்டுவதற்காக வலது கண்ணைத் தீப்பெட்டிக்குள் வைத்து எடுத்து வந்திருந்தார். இன்னொரு கையில் வடிகட்டி. தெருவில் இரண்டு பேர் அவரிடம் விலாசம் கேட்க வந்துவிட்டு, வடிகட்டியைப் பார்த்ததும் வேறு ஆளிடம் போனார்கள்.

கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற அக்கா எனக்குப் பழக்கம். துணி எல்லாம் என்னிடம்தான் தைப்பாள். விஷயத்தைக் கேட்டதும் டோக்கன் இல்லாமலே உள்ளே விட்டாள்.

டாக்டரம்மா வாலுவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். தீப்பெட்டியைத் திறந்து வலது கண்ணை உருட்டிப் பார்த்தார்.

"வாந்தி எடுத்தாளா? வயிறு வலிக்குதுன்னாளா?"

"இல்லைங்க டாக்டர்."

"சாப்பிடறாளா?"

"மூணு வாழைப்பழம்" என்றார் இவர்.

"வழவழன்னுதான் இருக்கு, கூர் இல்லை. பெரும்பாலும் தானா வந்துடும். எக்ஸ்ரே எடுத்தாலும் பிளாஸ்டிக் தெரியாது."

"அப்போ உள்ள இருக்கா இல்லையான்னு எப்படித்தான் தெரியும்?" என்றேன்.

டாக்டரம்மா வடிகட்டியைக் கண்ணால் காட்டினார். "சார் ஏற்பாட்டோடதான் வந்திருக்காரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் எப்படிப் போகும்? எடை பார்க்கட்டும் என்று டாக்டரம்மா டோக்கன் அக்காவைக் கூப்பிட்டார். அவள் குனிந்து வாலுவைத் தூக்கினாள். அக்காவின் சட்டைக் கை என் மூக்குக்கு நேரே வந்தது. நேற்று சாயங்காலம் நானே தைத்துக் கொண்டு போய்க் கொடுத்த வெள்ளைச் சட்டை. கைக்கு ஆறு கல், முழங்கைக்குக் கீழே வரிசையாக.

ஐந்து கல் அங்கும் இங்கும் மின்னின. ஒன்று மட்டும் என்னை நேராகப் பார்த்தது. அதற்குள்ளே மயிரிழை மாதிரி நெட்டு நெட்டாகக் கோடு.

"அக்கா, அசையாதீங்க!" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, பூச்சியா?"

"என்னங்க, அந்தத் தீப்பெட்டியைக் கொண்டாங்க!"

இவர் வலது கண்ணை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அச்சு அசல் ஜோடி.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நேற்று துணி எடுத்துக்கொண்டு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு கல்லில் ஒன்று குறைந்தது; கடைக்காரர் எண்ணிக் கொடுத்ததிலேயே குறைவு என்று அப்போது தெரியாது. குனிந்து பார்த்தால் ஜன்னலுக்கு அடியில் தரையில் ஒன்று பளபளத்தது. கல் உருண்டு போயிருக்கிறது என்று எடுத்துத் துடைத்து ஒட்டி, ஓரத்தில் இரண்டு தையலும் போட்டுவிட்டேன். அலைந்து தேடாமலே கிடைத்ததே என்று சந்தோஷம் வேறு.

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. வாலுவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "என் கண்ணு, என் கண்ணு" என்றார். இந்த முறை யாரைச் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. நானும் பாப்பாவின் கவுனிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நல்ல வேளை, எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துடுச்சு" என்றார் டாக்டரம்மா. ஹெட்லைட் விஷயமாக இதைவிடப் பொருத்தமாக யார் சொல்ல முடியும்?

பிரித்தெடுக்க நான் ஊசியை எடுத்தேன். டோக்கன் அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இதை எடுக்காதே. காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாம் இந்த ஒரு கல்லைத்தான் எங்க வாங்கினேன்னு கேட்டாங்க."

"அக்கா, அது கல்லு இல்லை, கார் ஹெட்லைட்" என்றார் இவர். "உலகத்துலேயே ரெண்டுதான் இருக்கு."

"அப்போ ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும்."

"ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு நான் என்னக்கா பண்ணுவேன்?"

"அதானே, ஒண்ணு மட்டும் என்னத்துக்கு?" என்றேன் நான். தீப்பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி அக்காவிடம் நீட்டினேன். "இதை அந்தக் கைக்கு வச்சுத் தரேன் அக்கா. ஜோடியா இருக்கும்."

இவர் என்னைப் பார்த்தார். வாலுவைப் பார்த்தார். வடிகட்டியைப் பார்த்தார். "நல்லா இருக்கும்" என்றார் மெதுவாக.

திரும்பி வரும்போது மனிதருக்கு நடையே மாறிவிட்டது. அரை கிலோமீட்டர் முழுக்க "அப்பாடா, அப்பாடா" என்றபடியே வந்தார்.

"சரி, என் வேலை முடிஞ்சுது. இனிமே பாப்பாவை வழக்கம் போல நீயே பார்த்துக்கோ."

"சரிங்க" என்றேன். நான் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னால் அவர் பயப்பட வேண்டும். பயப்படவில்லை. நான் இரண்டடி பின்தங்கி வாலுவின் காதில் மட்டும் ஒரு விஷயம் சொன்னேன்: அப்பாவுக்கு உன் ஆய்னா ரொம்ப ஆசை, இனிமே எப்பப் போனாலும் அப்பாவைத்தான் கூப்பிட்டுக் காட்டணும்.

அவளுக்கு அதில் சந்தேகம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. காலையிலிருந்து கண்ணால் பார்த்தவள்தானே.

வீட்டுக்கு வந்து இவர் பேப்பரை விரித்துக் காலை நீட்டினார். முதல் பக்கம் முடியவில்லை. மூன்று வாழைப்பழமும் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. வாலு கொல்லைக்கு ஓடினாள்.

"அம்மா வரட்டுமாடி?" என்றேன், மெஷினை விட்டு எழுந்திருக்காமல்.

"வேணாம்!"

பிறகு மாடிவீட்டுக்கும் கேட்கிற மாதிரி, பெருமை தாங்காத குரலில் கூப்பிட்டாள்:

"அப்பா! ஆய் போயிட்டேன்! ஓடி வந்து பாருங்க!"