பழுப்பு ஷூ போட்டவர்

“பாய், உங்களப் பத்தி ஒரு ஆளு விசாரிச்சிக்கினு கீறாரு.”

டீக்கடை கதிர்வேல் இப்படிச் சொன்னபோது நஜிமுதீன் தன் கடை வாசலில் அலுமினிய அண்டாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். உத்திரமேரூர் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவரைப் பற்றி விசாரிக்க அப்படி என்ன இருக்கிறது?

“இன்னா கேட்டாரு?”

“ஆளு எப்டி, தொளுவப் போவாரா, வெளிநாட்டுல சொந்தம் கீதா, நெட்டுல உக்காந்து இன்னா பண்றாரு, இதான். நமக்கு இன்னாத்துக்கு வம்புன்னு, தெரியாதுன்ட்டேன்.”

கையிலிருந்த அண்டா நழுவித் தெருவில் உருண்டது.

“அடப்பாவி, கெடுத்தியே! அவரு மாப்ள வூட்டு ஆளுய்யா!”

நஜிமுதீனின் மகள் ஷப்ரீனுக்கு இருபத்தாறு வயது. பி.எஸ்ஸி. படித்தவள். இரண்டு இடங்கள் கூடி வந்து கலைந்துவிட்டன. தரகர்கள் வருவதே நின்றுபோனது. இந்த நிலையில்தான் பள்ளிவாசல் ஹஜ்ரத், இன்டர்நெட் என்பது ஷைத்தானின் ஜன்னல் என்று ஒரு வெள்ளிக்கிழமை பயானில் கண்டித்துவிட்டு, மறுவாரமே நோன்பு நேரங்களை அதில் பார்த்துவரச் சொல்லி நஜிமுதீனை அனுப்பினார். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தவருக்கு, முஸ்லிம்களுக்கென்றே ஒரு நிக்காஹ் சைட் இருப்பது தெரியவந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் நடத்தும் வசந்தகுமாரியைக் கொண்டு ஷப்ரீனின் விவரங்களை அதில் ஏற்றினார். அன்று முதல் தினமும் மாலையில் போய் உட்கார்ந்து, யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பது வழக்கமாயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் முதலில் நேரே வந்து கதவைத் தட்டுவதில்லை. ஓர் ஆள் வருவார். யாரென்று சொல்லமாட்டார். டீ குடிப்பார், பள்ளிவாசலில் ஒருவேளை தொழுவார், அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுப்பார். அவர் போய்ச் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்பு வந்த இரண்டு இடங்களும் அப்படி வந்த ஆட்களோடு திரும்பிப் போனவைதான். ஊரில் எவன் வாயை வைத்தான் என்று நஜிமுதீனுக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆகவே எல்லார் மேலும் அவருக்குச் சந்தேகம். கதிர்வேல் மேலும் கொஞ்சம் உண்டு.

“மறுபடி வந்தார்னா நல்லவிதமா சொல்லு. அஞ்சு வேள தொளுவறவரு. மச்சான் சவுதில தம்மாம்ல கீறாரு. கம்ப்யூட்டர்லாம் தெரிஞ்ச குடும்பம்னு சொல்லு.”

“நீங்க போங்க பாய். நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் காலை கதிர்வேல் முகமெல்லாம் பல்லாக வந்தான்.

“போட்டு வுட்டேன் பாய்! தொளுகன்னா உசுர வுடுவாரு. தெனம் நெட்டுல உக்காந்தா துபாய், சவுதி, பாகிஸ்தான்னு எல்லா நாட்டு ஆளுங்களோடவும் பேசுவாரு. இந்த ஊரு பசங்கல்லாம் அவரு சொன்னா கேப்பானுங்கன்னேன்.”

“பாகிஸ்தான் இன்னாத்துக்குய்யா?”

“ஒரு கெத்துக்குத்தான்!”

நஜிமுதீனுக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது. இருந்தாலும் கெத்து கொஞ்சம் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டார்.

அன்று அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் போனபோது, பள்ளிவாசல் வாசலில் கிடந்த செருப்புகளின் நடுவே ஒரு ஜோடி பழுப்பு ஷூ பளபளவென்று நின்றது. உள்ளே இரண்டாவது வரிசையில் ஒரு புது ஆள். ஒட்ட வெட்டிய முடி, அளவாக நறுக்கிய மீசை, நிமிர்ந்த முதுகு. நஜிமுதீன் அவர் கண்ணில் படும்படி தூண் ஓரமாக நின்று, வழக்கத்துக்கு மேல் ஆறு ரக்அத் தொழுதார். சலாம் கொடுத்துத் திரும்பினால் ஆளும் இல்லை, ஷூவும் இல்லை.

அப்படியே பிரவுசிங் சென்டருக்குப் போனார். வசந்தகுமாரி அவரைப் பார்த்ததும் எழுந்து வந்து, குரலைத் தணித்துக்கொண்டாள்.

“பாய், ஒரு ஆளு வந்துட்டுப் போனாரு. நீங்க எந்த சிஸ்டத்துல உக்காருவீங்க, எவ்ளோ நேரம் பாப்பீங்க, கூட யாராச்சும் வருவாங்களான்னு ஒண்ணு வுடாம கேட்டாரு.”

“மாப்ள வூட்டு ஆளும்மா.”

“மாப்ள வூட்டு ஆளு எந்த சிஸ்டம்னு இன்னாத்துக்குப் பாய் கேக்கறாரு? போன வாரம் வடக்க எங்கியோ குண்டு வெடிச்சதுல்ல? அதுலேர்ந்து நெட் சென்டர்ங்கள நோட்டம் வுடறாங்களாம். அவரு கால்ல போட்டுக்கினு இருந்த ஷூவப் பாத்தீங்களா?”

பார்த்திருந்தார். அந்த நிறத்தில் ஷூ போடுகிறவர்கள் போலீஸ்காரர்கள் என்பது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது.

“தொளுவுனாரேம்மா!”

“உங்காளுங்களையே அனுப்புனாத்தான பாய் உங்களுக்குச் சந்தேகம் வராது?”

மீதியிருந்த நம்பிக்கையைக் கதிர்வேல் வந்து முடித்து வைத்தான். அந்த ஆள் போலீஸ் ஸ்டேஷனுக்குள் போனதை அவன் கண்ணால் பார்த்தானாம். ஏட்டு சாமுவேல் எழுந்து நின்று சல்யூட் அடித்தாராம்.

நஜிமுதீன் கணக்குப் போட்டுப் பார்த்தார். தாடி வைத்தவர், தினமும் நெட்டில் உட்காருகிறவர், பாகிஸ்தானோடு பேசுகிறவர், ஊர்ப் பையன்கள் சொன்னபடி கேட்கிற தலைவர். இத்தனையும் அவரே காபி வாங்கிக் கொடுத்துச் சொல்லவைத்தது போல ஆகிவிட்டது. அப்பன் ஸ்டேஷனுக்குப் போய்வந்த வீட்டில் ஷப்ரீனை எவன் கேட்பான்?

“கதிர்வேலு, நீ சொன்னத எல்லாம் மாத்திச் சொல்லிடு. நெட்டுன்னா இன்னான்னே தெரியாதுன்னு சொல்லு. வசந்தா, பொண்ணு வெவரத்த அந்த சைட்லேர்ந்து எடுத்துடும்மா. நான் பாத்த அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது.”

வசந்தகுமாரி முழு மனசோடு உதவி செய்தாள். மறுநாள் உச்சிவேளையில் கடைக்கே வந்து சேதி சொன்னாள்.

“எடுத்துட்டேன் பாய். அந்த சிஸ்டத்தயே மொத்தமா அழிச்சிட்டேன். அழிச்சிக்கினு இருக்கசொல்ல அந்த ஆளு வந்து பின்னாலயே நின்னுக்கினு பாத்தாரு. இன்னாத்துக்கு அழிக்கறன்னாரு. பாய் சொன்னாருன்னேன். பொய் சொல்லக் கூடாதில்ல?”

கதிர்வேலும் சும்மா இருக்கவில்லை.

“மாத்திட்டேன் பாய். தொளுகையா, அவரு அந்தத் தெரு பக்கமே போவ மாட்டாருன்னேன். நேத்து பள்ளிவாசல்ல பாத்தனேன்னாரு. அது அவரு தம்பியா இருக்கும்னு சொல்லிட்டேன்.”

“எனக்குத் தம்பியே கெடையாதேய்யா!”

“அதையும் கேட்டாரு. அப்பால நான் பால் காய்ச்சப் போயிட்டேன்.”

அந்திக்குக் கொஞ்சம் முன்னால் பழுப்பு ஷூ நேரே கடைப் படியேறியது.

“அஸ்ஸலாமு அலைக்கும். நஜிமுதீன் பாய்தானே?”

இதையாவது மறுக்கலாமா என்று அவர் ஒரு கணம் யோசித்தார். தலைக்கு மேலே பெயர்ப்பலகை தொங்கிற்று.

“வ அலைக்கும் ஸலாம். ஆமாங்க.”

“நெட்ல ஒரு பொண்ணோட விவரம் பாத்தேன். நேத்து வரைக்கும் இருந்துச்சு. இன்னிக்குக் காணோம்.”

“அது நான் போடலைங்க. எவனோ எனக்கு ஆவாதவன் பண்ண வேல. நெட்டு எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாது.”

“பொண்ணு உங்க மகதானே?”

“மகதாங்க. அவளுக்கு எப்பவோ மாப்ள முடிவாயிடுச்சு. அடுத்த மாசம் நிக்காஹ்.”

வந்தவரின் கண்கள் நஜிமுதீனின் முகத்தில் எதையோ தேடின.

“தம்மாம்ல உங்க மச்சான் இருக்காராமே?”

“மச்சானே கெடையாதுங்க. என் பொஞ்சாதி ஒத்தப் பொண்ணு.”

கடைக்குப் பின்னால்தான் வீடு. திரைக்கு அப்பால் ஏதோ பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. வந்தவர் திரையைப் பார்த்தார், நஜிமுதீனைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

“நிக்காஹ் நல்லபடியா நடக்கட்டும். அல்லா பரக்கத் செய்யட்டும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தெருவில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

திரையை விலக்கிக்கொண்டு மனைவி ஷாஹீதா வந்தாள்.

“யாருக்கு நிக்காஹ்? எனக்கும் ஒரு பத்திரிக வைக்கறது!”

“கத்தாத. போலீசு.”

“போலீசா இருந்தா எங்கண்ணன இல்லன்னுடுவீங்களா? நீங்க போட்டுக்கினு கீற சட்டையே அவரு தம்மாம்லேர்ந்து அனுப்புனது!”

“தப்பிச்சமே, அதப் பாரு. அவரு தேடி வந்தது அந்த நெட்டு வெவகாரத்த. அதுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லன்னு அறுத்து வுட்டுட்டேன்ல? இனிமே ஒருத்தனும் வந்து கேக்க மாட்டான்.”

ஷாஹீதா நம்பவில்லை. அவளுக்கு வேறு ஏதோ உறுத்தியது.

“போலீசுக்காரன் துவா செஞ்சிட்டா போவான்?”

அதற்குள் டூட்டி முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஏட்டு சாமுவேல் கண்ணில் பட்டார். எதற்கும் ஊர்ஜிதம் செய்துகொள்வது நல்லது என்று, நஜிமுதீன் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

“சார், உங்க ஆபீசர் போயிட்டாரு. எம்மேல கேசு கீசு ஒண்ணும் இல்லியே? மறைக்காம சொல்லுங்க.”

சாமுவேல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“கேசா? அவரு வேலூர்ல எஸ்.ஐ.யா கீறாரு பாய், நெட்டுல உங்க பொண்ணப் பாத்துட்டு, தன் புள்ளைக்குக் கேக்கலாம்னு லீவு போட்டு வந்தாரு. நீங்க வேற எடத்துல முடிச்சிட்டீங்கன்னு இப்பத்தான் போன்ல சொல்லி அழாத கொறையா வருத்தப்பட்டாரே!”