ஏ-7இல் ராஜலக்ஷ்மி

பேய்க்குப் பயப்படாதவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அது எக்செல் ஃபைலிலும் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்போது மயிலாப்பூரில் ஒரு சபா ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. கச்சேரிக்கு டிக்கெட் வாங்க வந்த வித்யாவும் நானும் பழகி, விஷயம் கல்யாணம் வரை வந்திருந்தது. "அம்மா போனதுலேர்ந்து மூணு வருஷமா அப்பா கச்சேரிக்கே வரலை. முதல் வரிசையில ஒரு சீட் குடு. அவர் மனசு குளிர்ந்திருக்கறப்போ நம்ம விஷயத்தைச் சொல்லிடலாம்" என்றாள்.

சீட்டுப் பட்டியலில் ஏ-7க்கு நேரே 'ராஜலக்ஷ்மி' என்று மட்டும் இருந்தது. போன் நம்பர்கூட இல்லை. "யாருன்னே தெரியலை, தூக்கிடு" என்றார் புது செக்ரட்டரி. தூக்கினேன். வித்யா அப்பாவின் பெயரைப் போட்டு, சேவ் செய்து மூடினேன். மறுநாள் திறந்தால் ஏ-7இல் ராஜலக்ஷ்மி. அழித்தேன். மறுபடி வந்தாள். (ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது.)

ஈக்காட்டுத்தாங்கலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பன் பாஸ்கருக்குப் போன் போட்டேன்.

"பேயும் இல்ல ஒண்ணும் இல்ல மச்சி. ஃபைலத் தொறந்தா தானா ஓடுற மாதிரி எவனோ மேக்ரோன்னு ஒரு குட்டி புரோகிராம் எழுதி வெச்சிகீறான். ஷிப்ட் கீய அமுக்கிக்கினே தொற, ஓடாது. அப்பால உள்ள பூந்து அத்த அழிச்சிரு."

ஷிப்டை அழுத்தித் திறந்தேன். பெயர் வரவில்லை. உள்ளே நாலே வரியில் மேக்ரோ இருந்தது. அழித்தேன். இரண்டு முறை சேவ் செய்தேன். வெற்றிக் களிப்பில் கீழே போய் ஒரு வடை தின்றுவிட்டு வந்து, சாதாரணமாகத் திறந்தேன். ராஜலக்ஷ்மி.

"வேற ஃபைல் எதுனா ஸ்டார்ட்டப் ஃபோல்டர்ல ஒளிஞ்சிகினு கீதா பாரு" என்றான் பாஸ்கர். பார்த்தேன். காலி. சொன்னேன். "அந்த சீட்ட உட்டுரு மச்சி" என்றான்.

விடுவதா? என் கல்யாணமல்லவா. பட்டியலை பிரிண்ட் எடுத்து, அந்தப் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு வித்யா அப்பாவின் பெயரை எழுதினேன். பேப்பரில் மேக்ரோ ஓடாது.

கச்சேரியன்று பேச்சுக் கொடுத்தபடியே, சீட் நம்பரைக்கூடப் பார்க்க விடாமல் அவரை நானே அழைத்துப்போய் உட்காரவைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இந்த சீட்ல ராஜலக்ஷ்மின்னு ஒரு அம்மா பேய் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தாங்க சார். விரட்டிட்டுத்தான் உங்களுக்குக் குடுத்திருக்கேன்" என்றேன்.

வித்யாவின் முகம் வெளுத்தது. காதலித்த பெண்ணின் அம்மா பெயரை ஒரு நாளும் கேட்காத மேதாவி நான்.

அவர் மெல்ல எழுந்தார். "பழைய செக்ரட்டரி கேட்டு அந்த ஃபைலைப் பண்ணிக் குடுத்ததே நான்தான். அவ போனப்புறம் அவ எடம் யாருக்கும் போகக் கூடாதுன்னு நாலு வரி எழுதி வெச்சேன்."

"மன்னிச்சிடுங்க சார். அந்த நாலு வரியையும் அழிச்சிட்டேன். அப்புறமும் பேர் வந்துச்சு, எப்படின்னுதான் தெரியலை."

"அப்புறமுமா?"

"ஆமா சார்."

அவர் கண்கள் நிறைந்தன. ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, காலியான ஏ-7க்குப் பக்கத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

எங்கள் கல்யாணத்தில் அவர் பக்கத்து நாற்காலியில் யாரோ உட்காரப் போனார்கள். "அது ராஜியோட எடம். மாப்பிள்ளை அழிச்சுப் பார்த்தார், முடியலை" என்றார் மாமனார். விசேஷத்துக்கு விசேஷம் இதைச் சொல்லி எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன், அந்த நாற்காலிப் பக்கம் பார்க்காமல்.