கார்த்திகேசுவும் என் இரத்தக் கொதிப்பும்

புந்தோங், ஈப்போ.

அன்புள்ள தங்கை காளியம்மாவுக்கு அண்ணன் ஐயாவு எழுதுவது. அங்கே எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நான் நலமா இல்லையா என்பதுதான் விளங்கவில்லை. போனில் சொன்னால் நடுவில் சிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

போன மாதம் கிளினிக்கில் இரத்தக் கொதிப்பு 168. டாக்டர் சின்னப் பெண். "அங்கிள், இந்த வாரம் யார்கூடல்லாம் பேசுனீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், தொலைக்காட்சியோடு மட்டும்தான் பேசியிருக்கிறேன். "தனியா இருந்தா ஏறத்தான் செய்யும். நாலு பேரோட பழகுங்க" என்றார். சரியென்று சிலிபினில் முதியோர் கூடும் மண்டபத்துக்குப் போனேன். அங்கே இராமசாமி என்று ஒருவர் தன் குடல் ஆப்பரேஷனை ஆரம்பத்திலிருந்து சொன்னார், அடுத்த வாரமும் ஆரம்பத்திலிருந்தே சொன்னார், சட்டையைத் தூக்கித் தழும்பையும் காட்டினார். மறுபடி பார்த்தால் 176. "மனசைக் கெடுக்கிறவங்ககிட்டப் போகாதீங்க" என்கிறார் டாக்டர். பழகு என்றதும் அவர்தான், போகாதே என்பதும் அவர்தான். பேசாமல் வீட்டிலேயே இருந்தேன். தூக்கம் போய்விட்டது, சோறு இறங்கவில்லை.

போன செவ்வாய் கிளினிக்கில் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன் நம் பழைய எஸ்டேட் கார்த்திகேசு. கோயில் பந்தலை எந்தப் பக்கம் போடுவது என்ற தகராறில் பதினோரு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை, உனக்குத் தெரியும். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ இன்னும் இருக்கியா?" என்றான்.

"ஒன்ன அனுப்பிட்டுத்தான் போவேன்லா."

அவ்வளவுதான். பந்தலில் தொடங்கி, எஸ்டேட்டில் அவன் என் ரப்பர் பால் வாளியை எடுத்துப்போனது வரை நாற்பது நிமிடம் சண்டை. தாதி வந்து இருவரையும் அதட்டினார். இன்றைக்கு இங்கேயே படுக்க வைத்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டே கையை நீட்டினேன். 134. டாக்டர் நம்பாமல் இரண்டு முறை பார்த்தார். "என்ன செஞ்சீங்களோ, அதையே செய்ங்க அங்கிள்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கோப்பிக்கடையில் அவனும் நானும் சண்டை. நன்றாகத் தூங்குகிறேன், பசிக்கிறது. நேற்று அவன் வரக் கொஞ்சம் தாமதமானதும் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வேண்டாதவன் வராததற்கு நான் ஏன் பதற வேண்டும்? அவன் எனக்கு யார் என்று நீயாவது சொல். ஆகையால் என்னைத் தெலுக் இந்தானுக்கு உன் வீட்டில் வந்து தங்கச் சொல்லாதே. இங்கே எனக்கு ஆள் இருக்கிறது.

உன் வீட்டுக்காரர் மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகுட்டிகளோடு நீ நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மன் துணை இருக்கட்டும்.

அண்ணன்,
ஐயாவு

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது கார்த்திகேசு வீட்டுக்கே வந்தான். "யோசிச்சுப் பாத்தேன் ஐயாவு. தப்பு எம்மேலதான். மன்னிச்சிரு" என்றான். இனி நாங்கள் எதை வைத்துச் சண்டை போடுவது? நான் கலக்கிக் கொடுத்த கோப்பியைக்கூடக் குறை சொல்லாமல் குடித்தான். அவன் போனதும் வீட்டில் இருக்கும் கருவியில் பார்த்தேன், 170. சனிக்கிழமை பஸ்ஸில் அங்கே வருகிறேன். நான் எதைச் சொன்னாலும் மாப்பிள்ளை இல்லை என்பார் அல்லவா, அவரை எங்கும் அனுப்பிவிடாதே.