ஒரிஜினல் அண்ணன் ஏறிய மலிவு விமானம்

ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் இதுவரை பிறந்தவர்களிலும் இனிப் பிறக்கப்போகிறவர்களிலும் ஒரிஜினல் அண்ணனைப் போல ஒரு சந்தேகப் பிராணி கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். அவருடைய கார் வொர்க்‌ஷாப்புக்கு நேர் மாடியில் பதினொரு வருஷம் குடியிருந்தவன் என்ற முறையில் எனக்கு அந்தத் தகுதி உண்டு.

ஒரிஜினல் சாமான் தவிர வேறு எதையும் அவர் கையால் தொட மாட்டார். அதனால் வந்த பெயர் அது. "லோக்கல் சாமான் போதும்ணே" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் காரைக் கழுவித் துடைத்து, சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு வாங்கப் போனால் தேங்காய்ப்பால் பாக்கெட்டா, பிழிந்ததா என்று கேட்டு, பிழிந்ததுதான் என்று சொன்னாலும் நம்பாமல் கடையின் பின்பக்கம் போய்த் தேங்காய் மட்டையைத் தேடுவார். முன்பல் இரண்டு விழுந்தபோது பொய்ப்பல் கட்டிக்கொள்ளவே மாட்டேன் என்றுவிட்டார். ஒரிஜினல் போனால் போனதுதானாம். சிரித்தால் உள்ளே இருட்டு தெரியும். அவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

பக்கத்துச் செனாய் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் மலிவு விமானம் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். "இவ்வளவு மலிவா எப்படிலா குடுக்க முடியும்? எங்கயோ ஒரு நட்டைக் கொறச்சிருக்கான்" என்பார். விமானம் கண்ணுக்கு மறையும்வரை கழுத்தை இறக்க மாட்டார். விழும் என்று எதிர்பார்த்தாரா, விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டாரா என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

அவருக்கு ஒரே மகள், தேவி. தாயில்லாத பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்துப் படிக்க வைத்தார். அரசாங்கம் அவளை ஆசிரியையாகக் கூச்சிங்குக்கு அனுப்பிவிட்டது. ஜொகூரிலிருந்து கூச்சிங்குக்குக் காரில் போக முடியாது, நடுவில் கடல். அவளுக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். அதற்காகக் கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கம்பெனி விமானத்தில் அண்ணன் எப்போதோ இடம் போட்டு வைத்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்கான மருந்துப் பொடியும் பூண்டும் வாங்கி மூட்டை கட்டியாகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மருமகன் போனில் அழைத்தார். தேவிக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாம். மாலையில் அறுவை செய்து குழந்தையை எடுக்கப்போகிறார்களாம். "அப்பா வருவாங்களா" என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம்.

அண்ணன் என்னை மாடியிலிருந்து கூப்பிட்ட குரலில் நான் செருப்புப் போடாமல் இறங்கி வந்தேன். போனில் தேடினேன். பெரிய கம்பெனி விமானத்தில் மறுநாள் மதியம்தான் இடம். செனாயிலிருந்து மலிவு விமானம் இரண்டு மணிக்கு இருந்தது. அதில் நான்கு இருக்கைகள்தான் மிச்சம் என்று சிவப்பு எழுத்தில் காட்டியது.

"போடட்டுமாண்ணே?" என்றேன். அவர் ஒரு துணியை எடுத்து, சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். சின்னக் கப்பல் ஏதாவது போகுமா என்று கேட்டார். நான் போனைக் காட்டினேன். நான்கு இப்போது மூன்றாகியிருந்தது.  மகள் அங்கே படுத்திருக்க, இந்த மனுஷன் நட்டு எண்ணுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

அந்த நேரம் பார்த்துச் சிவா வந்து நின்றான். விமானம் பழுது பார்ப்பவன். செனாயில்தான் வேலை. தன் காருக்கு மலிவுச் சாமான் போடச் சொல்லி அண்ணனிடம் ஏழு வருஷமாகத் திட்டு வாங்குகிறவன்.  இவனைப் பார்த்த பிறகு அண்ணன் எப்படி ஏறுவார்?

நினைத்தபடியே ஆயிற்று. அண்ணன் அவன் முன்னால் போய் நின்றார்.

"நீ உன் காடிக்கே லோக்கல் சாமான் கேக்கற ஆளு. பிளேனுக்கு என்னத்தப் போடுவ?"

சிவா என்னைப் பார்த்தான். நான் நடந்ததைச் சொன்னேன். அவன் அண்ணன் பக்கம் திரும்பினான்.

"காடியில நான் ஒருத்தன்தானே போறேன், அண்ணே. பிளேன்ல ஊரே போவுது. அங்க நான் நெனச்சாலும் வேற சாமான் போட முடியாது. ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து போடணும்லா."

"உங்க வீட்டு ஆளுங்கள அதுல அனுப்புவியா?"

"போன வாரம்தான் எங்கம்மாவ அனுப்புனேன்."

அண்ணன் அவன் முகத்தையே பார்த்தார். பழுதான எஞ்சினின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கும்போது மட்டும்தான் அப்படி அசையாமல் நிற்பார். போனில் ஓர் இருக்கை என்று வந்துவிட்டது.

"போடு தம்பி."

அவசர அவசரமாக அடையாள அட்டையை வாங்கினேன். அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. எல்லாவற்றையும் தட்டி முடிக்கும் நேரத்தில், இன்சூரன்ஸ் வேண்டுமா என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. தோளுக்குப் பின்னாலிருந்து அண்ணன் அதைப் படித்துவிட்டார்.

"அலமாக், எதுக்குலா இதைக் கேக்கறான்? அவனுக்கே நம்பிக்கை இல்லையா?"

நான் 'வேண்டாம்' பட்டனை அழுத்திவிட்டேன். என் வாழ்க்கையில் நான் துணிந்து செய்த காரியங்களில் அது ஒன்று.

விமான நிலையத்தில் அடுத்த கண்டம். கையில் ஏழு கிலோதான் கொண்டுபோகலாமாம். அண்ணன் பை பன்னிரண்டு கிலோ. பணம் கட்டி ஏற்றிவிடலாமா என்று கேட்க வரிசையில் நிற்க நேரமில்லை. அண்ணன் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தார். பூண்டையும் மருந்துப் பொடியையும் எடுக்கப்போகிறார் என்று நான் கையை நீட்டினேன். அவர் தன் சட்டை, கைலி, துண்டு, செருப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் அடுக்கினார். அதில் இரண்டு சட்டையை மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டார். பூண்டு ஒரு பல்கூடக் குறையவில்லை. நுழைவாயில் பரிசோதனையில் அவர் சட்டைப்பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். எதற்கு அதைக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

உள்ளே போகுமுன் மருமகனிடமிருந்து மறுபடி போன். அழுத்தம் இன்னும் ஏறிவிட்டதாம், காத்திருக்க முடியாதாம், இப்போதே உள்ளே கொண்டுபோகிறார்களாம். அண்ணன் போனை மடியில் செருகினார். அதுவரை விமானத்தைப் பற்றி இருந்த பயம் அவர் முகத்தில் இல்லை, அதைவிடப் பெரிய பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

நான் வெளியே வேலி ஓரமாகக் காரை நிறுத்தி, அவர் துணிமணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விமானம் எழும்பியது. பதினொரு வருஷமாக அவரைக் கிண்டல் செய்தவன், கண்ணுக்கு மறையும்வரை கழுத்தை இறக்கவில்லை. ஒரு நட்டும் குறைந்திருக்கக்கூடாது என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

மாலை ஆறு மணிக்கு மேல் மருமகன் அழைத்தார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். பிறகு அவர் சொன்னதைத்தான் நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

மயக்கம் தெளிந்து கண் திறந்த தேவி, கட்டில் ஓரத்தில் இரண்டு சட்டை போட்டு நின்ற அப்பாவைப் பார்த்ததும் பயந்து அழ ஆரம்பித்துவிட்டாளாம்.

"அப்பா, நான் பொழைக்க மாட்டேனா? இல்லேன்னா நீங்க அந்த பிளேன்ல ஏறியிருக்க மாட்டீங்களே."

அண்ணன் அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே, முன்பல் இல்லாத வாயால் சிரித்தாராம்.

"ஒண்ணுமில்லம்மா. டிக்கெட்டு மலிவா கெடச்சுது, அதான் வந்தேன்."

 அந்த மனிதரின் மாடியில் குடியிருக்கக் கொடுத்து வைத்தவன் நான்.