ஏழு மில்லிமீட்டர் ஸ்கார் தொடர்பாக ஒரு திருத்தம்

விண்டி ஃபோர்க், மொன்டானா

'விண்டி ஃபோர்க் ஹெரால்ட்' வார இதழின் ஆசிரியர், மதிப்பிற்குரிய திருமதி மார்லிஸ் டிவீட் அவர்களுக்கு, காட்டன்வுட் சாலையிலிருந்து ஆர்வல் ஸ்கார் வணக்கத்துடன் எழுதுவது. இடுப்பு எலும்புச் சிகிச்சைக்குப் பிறகு நீங்கள் கைத்தடி இல்லாமல் அலுவலகப் படி ஏறுவதாக என் மனைவி ஜெனீவா சொன்னாள், கேட்டுச் சந்தோஷப்பட்டேன். இங்கே நாங்களும் கை கால் சுகத்தோடுதான் இருக்கிறோம். காது மட்டும் எனக்கு முன்போல இல்லை, அது தொழிலோடு வந்தது. கவுண்டிச் சாலைகளைச் சமன் செய்யும் எந்திரத்தை ஓய்வு பெறும்வரை ஓட்டியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டு முன்னால் இருந்த பள்ளத்தை நிரப்பியதும் நான்தான். அதை இப்போது நினைவுபடுத்துவதற்குக் காரணம் ஒன்றுமில்லை.

சென்ற வார இதழில் என் சம்பந்தமாக இரண்டு செய்திகள் வந்திருக்கின்றன. மூன்றாம் பக்கத்தில் ஷெரிஃப் அலுவலகக் குறிப்புகளில் இப்படிப் போட்டிருக்கிறீர்கள்: "காட்டன்வுட் சாலைவாசி ஒருவர் வானத்தை நோக்கி ரவை சுடுவதாகப் புகார். துணை ஷெரிஃப் சென்று பார்த்தார். சாப்பிடும் ரவைதான்." ஏழாம் பக்கத்தில், ஆயிரம் கஜப் போட்டியில் லோவெல் பிராண்ட்வோல்ட் என்பவர் தாமே கண்டுபிடித்த 'ஏழு மில்லிமீட்டர் பிராண்ட்வோல்ட்' தோட்டாவால் முதலிடம் பெற்றதாகப் படத்தோடு போட்டிருக்கிறீர்கள். முதல் செய்தி உண்மை, ஆனால் போதாது. இரண்டாவது போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது, ஆனால் உண்மையில்லை.

அந்தத் தோட்டா என்னுடையது. போன குளிர்காலத்தில் நோர்மாவின் உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் நான் பென்சிலால் வரைந்தது. கடையில் விற்கிற பெரிய மேக்னம் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தைச் சுருக்கி, உடம்பை நிமிர்த்தி, வெடிமருந்து இன்னும் கொஞ்சம் பிடிக்கிற மாதிரி செய்தால், மெல்லிய நீளமான குண்டு ஒன்று ஆயிரம் கஜம் தாண்டியும் காற்றுக்கு அசையாமல் போகும் என்பது என் எண்ணம். இந்த மாதிரித் தோட்டா எந்தத் தொழிற்சாலையிலும் வராது, எந்தக் கடையிலும் கிடைக்காது, நாமே வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிரப்பிக்கொள்ள வேண்டும். அதில்தான் இதன் பெருமை, அதில்தான் இதன் தொந்தரவும். லோவெல் அன்று எனக்கு எதிரே உட்கார்ந்து ருபார்ப் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் எனக்கு வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன், என்னைவிட வயதில் இளையவன், துப்பாக்கி செய்கிறவன், நான் சுட்ட எல்க் மான்களில் பாதியை மலையிலிருந்து என்னோடு சுமந்து இறக்கியவன். காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, கூட்டின் கழுத்துக்குக் கீழே உடம்பு விரிகிற இடத்தைப் பார்த்துவிட்டு, "தோள்பட்டச் சரிவு இப்படி இருந்தா கூடு நீளமாயிட்டே போகும்டா, இன்னும் கொஞ்சம் செங்குத்தா வை" என்று முள்கரண்டியால் ஒரு கோடு போட்டான். அவன் பங்கு அந்தக் கோடு. பென்சில்கூட இல்லை, முள்கரண்டி.

துப்பாக்கிக் குழலுக்குள் தோட்டா உட்காரும் அறையைக் குடைவதற்கு அதே வடிவத்தில் ஓர் எஃகுக் கருவி வேண்டும். ஓரிகனில் ஒருவர் அதைத் தீட்டித் தருகிறார். அவரிடம் போனில் சொல்லி வரவழைத்தவன் லோவெல். வசந்த காலத்தில் பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் கருவியின் தண்டில் '7 மி.மீ. பிராண்ட்வோல்ட்' என்று பொறித்திருந்தது.

"இது என்னடா?" என்றேன்.

"அந்த ஆளு போன்ல பேரு என்னன்னு கேட்டாரு. நான் என் பேரச் சொன்னேன்."

"அவரு தோட்டா பேரக் கேட்டிருக்காருடா."

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தர் பேரு என்னன்னு கேட்டா நீ என்ன சொல்லுவ?"

இதுவரை நான் கோபப்படவில்லை, மார்லிஸ் அம்மா. மனிதன் தவறு செய்வான். ஆனால் அவன் அந்தக் கருவியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றான். அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு துப்பாக்கி செய்தான். வேலையில் குறை சொல்ல முடியாது, குழல் உட்புறம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் குழலின் மேல் தோட்டாவின் பெயர் குத்த வேண்டுமே, இரண்டிலும் தன் பெயரைக் குத்திவிட்டான். கேட்டால், கருவியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் குழலில் போட முடியும், மாற்றிப் போட்டால் பின்னால் யாராவது குழம்பித் தப்பான தோட்டாவைத் திணித்துக் கை போய்விடும் என்கிறான். உலகத்தில் இந்தத் தோட்டா இருப்பதே இரண்டு பேரிடம், யார் வந்து குழம்பப் போகிறார்கள்? அழி என்றேன். அழித்தால் தழும்பு விழும் என்றான். நான் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்து, பெயர் இருக்கும் இடத்தில் மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடாவைச் சுற்றினேன். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

இதில் ஒரு சிக்கல், கூடுகளெல்லாம் என்னிடம் இருந்தன. அக்கம்பக்கத்துக் கவுண்டிகளில் கடை கடையாகப் போய், இருந்ததையெல்லாம் நான்தான் வாங்கி வைத்திருந்தேன். கழுத்தைச் சுருக்கும் அச்சு லோவெலிடம் இருந்தது. ஆகவே அவனிடம் அச்சு இருந்து கூடு இல்லை, என்னிடம் கூடு இருந்து அச்சு இல்லை. ஜெனீவா முட்டை அட்டைகளில் கூடுகளை அடுக்கி வேலியைத் தாண்டிக் கொண்டு போவாள், அவன் அச்சில் இழுத்து, பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புவான். ஒருநாள் அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவன் கேக்குறான், உனக்கு முட்டி வலி எப்படி இருக்குன்னு. நீ கேக்கச் சொல்லு, அவன் பல்லு வலி எப்படி இருக்குன்னு. அதையும் தூக்கிட்டுப் போறேன், இந்த அட்டையில ரெண்டு குழி காலியாத்தான் இருக்கு." நான் ஒன்றும் கேட்கச் சொல்லவில்லை. அவனோடு பேசாமல் ஒரு கோடை முழுக்கப் போயிற்று. காலையில் அவன் கடைசல் எந்திரம் ஓடுகிற சத்தம் இந்தக் காதுக்குக்கூடக் கேட்கும், யாருக்கு என்ன குழல் கடைகிறான் என்று நினைத்துக்கொண்டே காப்பி குடிப்பேன், எழுந்து போய்ப் பார்க்க முடியாது.

இனி ரவைக்கு வருகிறேன். கழுத்தைச் சுருக்கினால் மட்டும் கூடு தயாராகிவிடாது. அந்தத் துப்பாக்கியின் அறைக்குள்ளேயே வைத்து ஒரு தடவை வெடித்தால்தான் உடம்பு ஊதிச் சரியான வடிவத்துக்கு வரும். நல்ல குண்டு வைத்து வெடித்தால் குழல் வீணாகத் தேயும், இந்த மாதிரி மேக்னம் குழல்களுக்கு ஆயுசே கொஞ்சம். அதனால் கொஞ்சம் மருந்தும் குண்டுக்குப் பதிலாகக் காலைக் கஞ்சிக்குப் போடுகிற கோதுமை ரவையும் வைத்து, மெழுகால் வாயை அடைத்து, மேலே பார்த்துச் சுடுவது வழக்கம். பலரும் செய்வதுதான். எங்கள் சாலை ஊர் எல்லைக்கு வெளியே, அதனால் சட்டப்படி தவறும் இல்லை. போட்டிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை நான் கொட்டகைக்குப் பின்னால் நின்று அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் லோவெல் ஒரு வால்நட் மரத் துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெய்ப் பூச்சு பூசி, ஈரம் காய வெயிலில் தொங்கவிட்டிருந்தது எனக்குத் தெரியாது. மேற்கிலிருந்து காற்று. முக்கால் பெட்டி ரவை தீர்ந்தபோது வேலிக்கு மேல் அவன் தலை தெரிந்தது, கையில் கட்டை. வசந்தத்துக்குப் பிறகு அவன் என்னிடம் நேராகப் பேசியது அப்போதுதான்.

"ஆயிரம் கஜத்துக்குக் காத்து பாக்கத் தெரியுது, வேலி தாண்டுற தூரத்துக்குப் பாக்கத் தெரியலையாடா? இந்தா, நக்கிப் பாரு. சர்க்கரை ஒண்ணுதான் குறை."

நான் கையில் இருந்ததையும் சுட்டு முடித்தேன். அவன் உள்ளே போய் ஷெரிஃபுக்குப் போன் செய்தான். துணை ஷெரிஃப் கென்ட் ஓல்மன் வந்தார், மரியாதையான பிள்ளை, தொப்பியைக் கழற்றினார்.

"மிஸ்டர் ஸ்கார், எதச் சுடுறீங்க?"

"கோதுமை ரவை."

"எது மேல?"

"எது மேலயும் இல்ல. மேல பாத்து."

"எதுக்கு சார்?"

நான் கழுத்து, தோள்பட்டை, குழல் தேய்மானம் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினேன். அவர் நின்று கேட்டார், கடைசியில் அட்டையில் ஒரு வரி எழுதிக்கொண்டார். அந்த வரியைத்தான் நீங்கள் அச்சிட்டிருக்கிறீர்கள். கட்டைக்குச் சொந்தக்காரர் நம் கால்நடை மருத்துவர். அவர் வந்து தடவிப் பார்த்து, மழையில் கை வழுக்காது, நன்றாக இருக்கிறது, முன்பக்கமும் இதே மாதிரி போட்டுக்கொடு என்றாராம். இப்போது லோவெல் அதைக் கேட்பவர்களுக்கெல்லாம் செய்து தருகிறான். பெயர் பிராண்ட்வோல்ட் பூச்சு.

சனிக்கிழமை போட்டி. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு எட்டாம் இலக்கு, அவனுக்கு ஒன்பது. அருகருகே மண்ணில் படுத்திருந்தோம். எனக்குப் பின்னால் ஜெனீவா பெரிய தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறி, கானல் எழும்பி, தூரத்துப் பலகைகளெல்லாம் தண்ணீருக்குள் இருப்பது மாதிரி ஆடின. நான் மூச்சை அடக்கி ஐந்து குண்டும் சுட்டேன், ஐந்தும் கைக்கு இதமாகப் போயின, என் ஆயுளில் அப்படிச் சுட்டதில்லை. பலகைகளைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். என் எட்டாம் பலகை புத்தம்புதிதாக இருந்தது, அடுத்த போட்டிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஓரமாக எடுத்து வைத்தார்கள். லோவெலின் பலகையில் பத்துத் துளைகள். ஐந்து, நடுவில் காப்பிக் கோப்பையை வைத்து மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். மற்ற ஐந்தும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தன.

பக்கத்து இலக்கில் சுட்டுவிடுவது பெரிய பெரிய ஆட்களுக்கும் நேர்வதுதான். மற்றவர்கள் என்றால் துளையின் அளவை வைத்துப் பிரித்துவிடுவார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தோட்டா, ஒரே குண்டு, ஒரே அச்சு, ஒரே கை கடைந்த குழல். கிளப் தலைவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். கடைசியில், யார் பலகையோ அவனுக்கே நல்ல ஐந்து என்று தீர்ப்புச் சொன்னார்.

"அந்த அஞ்சும் என்னோடது" என்றேன்.

"உன்னோட அஞ்சு என் பலகைக்கு எதுக்கு வந்துச்சு?" என்றான் லோவெல். கேள்வி நியாயம்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஜெனீவாவிடம் கேட்டேன். அவள் தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, ஒவ்வொரு குண்டும் விழுந்ததைப் பார்த்திருக்கிறாள்.

"பாத்தேன்" என்றாள்.

"சொல்லேன்."

"சொல்ல மாட்டேன். ஒருத்தனோட நான் குடும்பம் நடத்தணும், இன்னொருத்தன் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கான். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

ஆகையால் ஆசிரியர் அவர்கள் தயவுசெய்து அடுத்த இதழில், அதே ஏழாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் மூன்று விஷயங்களைத் திருத்தி வெளியிட வேண்டும். தோட்டாவின் பெயர் ஏழு மில்லிமீட்டர் ஸ்கார். அந்த நெருக்கமான ஐந்து துளைகளும் ஆர்வல் ஸ்கார் சுட்டவை. ரவை சுட்டது கூடு வடிவமைக்கும் பொருட்டு. லோவெலின் படத்தைத் திரும்பப் போட வேண்டிய அவசியமில்லை.

உங்கள் இடுப்பு சீக்கிரம் குணமாகி, இந்த வருடம் நீங்களும் வேட்டைக்கு வரும்படி ஆகட்டும். அலுவலகத்தில் எல்லோருக்கும் எங்கள் இருவர் அன்பும் சேரட்டும்.

இப்படிக்கு,
ஏழு மில்லிமீட்டர் ஸ்கார் தோட்டாவைக் கண்டுபிடித்த,
ஆர்வல் ஸ்கார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போன் வந்தது. ஐடஹோவிலிருந்து தர்லோ கேஜ் என்று ஒரு பெரியவர். அவர் மகள் உங்கள் இதழை வரவழைக்கிறாளாம். லோவெலின் போன் எப்போதும் 'பிஸி' என்றே வருகிறதாம், என் பெயர் போட்டி முடிவுகளில் கடைசியாக இருந்ததைப் பார்த்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

"உங்க ஊருப் பேப்பர்ல அந்தத் தோட்டாவப் பாத்தேன் தம்பி" என்றார். "நான் கல்யாணத்துக்கு முன்னாடியே செஞ்சது. ஏழு மில்லிமீட்டர் ஹென்ரியெட்டா."

"உங்க சம்சாரம் பேரா?"

"கோவேறு கழுதை. நல்ல உழைப்பாளி."

"இப்பவும் அதத்தான் சுடுறீங்களா?"

"இல்லப்பா. கடையில கிடைக்கிற சாதாத் தோட்டா வாங்கிச் சுடுறேன். மானுக்கு வித்தியாசம் தெரியல."

போனை வைத்தேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, வேலியருகே நின்றுகொண்டிருந்தேன். லோவெலிடம் சொன்னேன். கடைசல் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"தோள்பட்டச் சரிவு எவ்வளவாம்?"

"கேக்கல."

"கேக்காமயா போன வச்ச?"

வேலியைத் தாண்டி வந்தான். எங்கள் சமையலறையில் இருந்து திரும்பக் கூப்பிட்டோம், காதை ஒட்டவைத்து இருவரும் கேட்டோம். சரிவு, நீளம், கழுத்து எல்லாம் எங்களுடையதேதான், முள்கரண்டிக் கோடு உட்பட. "வயசானவர், ஞாபகத்துல இருந்து சொல்றாரு, அளந்து பாக்காம ஒத்துக்க முடியாது" என்றான் லோவெல். எனக்கும் அதே அபிப்பிராயம். ஜெனீவா மூன்று கோப்பை எடுத்து வைத்தாள். சனிக்கிழமை மூவரும் ஐடஹோ போகிறோம், வண்டி அவள் ஓட்டுகிறாள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் அச்சிட வேண்டாம். பதிலாக, விண்டி ஃபோர்க்கைச் சேர்ந்த இருவர், ஏற்கெனவே ஒரு கோவேறு கழுதையின் பெயரில் இருக்கும் தோட்டாவை, யாருடைய உதவியும் இல்லாமல் மறுபடி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று போட்டால் போதும். எங்கள் பெயர்களைக் குடும்பப் பெயரின் அகர வரிசைப்படி போட வேண்டும் என்று பக்கத்தில் நின்று படிக்கிற லோவெல் எழுதச் சொல்கிறான். வயது வரிசைப்படி போடுங்கள்.