தானாக விழும் ஐஸ்

வீட்டுக்குப் புதுச் சாமான் வந்தால் அதை உபயோகிக்கிறவர்கள் ஒரு ரகம். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதை விளக்குகிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகம் 'உக்காருங்கோ' என்பதற்கு முன்னால் 'இதைப் பாத்தேளா?' என்று சொல்லும். பார்த்துத்தான் ஆக வேண்டும். வேறு வழி?

எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டில் எதிர்வீட்டுச் சங்கரன் மாமா அந்த ரகம். மஸ்கட் மாப்பிள்ளை, தானாகவே ஐஸ் போடும் ஃப்ரிட்ஜைக் கப்பலில் அனுப்பினாலும் அனுப்பினார், பால்காரர், கேஸ்காரர், ஓட்டுக் கேட்க வந்தவர், சுண்டல் கொடுக்கப் போன நான் என்று எல்லோரும் அந்த ஃப்ரீசருக்குள் தலையை விட்டு எடுத்தாயிற்று.

போன வாரம் லாரித் தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறும்போது எனக்குக் கால் பிசகிவிட்டது. கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. எங்கள் ஃப்ரிட்ஜோ ரிப்பேர். நொண்டிக்கொண்டே போனேன்.

"மாமா, கொஞ்சம் ஐஸ் குடுங்க. வலி உயிர் போகுது."

"ஐஸா? பேஷா! மொதல்ல அது எப்படி வரதுன்னு பாருங்கோ."

ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். குழாயிலிருந்து தண்ணீர் தானே வந்து அச்சில் ரொம்புமாம், உறைந்ததும் அதுவே தெரிந்துகொண்டு அடியில் லேசாகச் சூடு காட்டுமாம், கட்டிகள் பிடி விட்டதும் ஒரு கை சுற்றி வந்து கீழே டப்பாவில் தள்ளுமாம். ஐஸ் எடுக்கச் சூடு! இதைச் சொல்லும்போது மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெற்ற பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி.

"டப்பா ரொம்பிடுத்துன்னா?" கேள்வியையும் அவரே கேட்டுக்கொண்டார். "இந்தக் கம்பிய ஐஸே மேல தூக்கிடும். தூக்கியிருந்தா, போதும்னு நிறுத்திடும். என்ன மூளை!" மேலே இருந்த கம்பியைக் கீழே இறக்கி, மறுபடி டக்கென்று தூக்கிக் காட்டினார்.

"மாமா... ஐஸ்."

டப்பாவை இழுத்தார். காலி.

"வோல்டேஜ் சரியில்லை போலிருக்கு."

நீரஜா மாமி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "வோல்டேஜுக்கென்ன? வரவாளுக்கெல்லாம் கம்பியத் தூக்கிக் காட்டறேள். எறக்கி விடறேளா? டப்பா ரொம்பிடுத்துன்னு நெனச்சுண்டு அது பாட்டுக்குச் சும்மா ஒக்காந்திண்டிருக்கு."

"முன்னாடியே சொல்லப்படாதோ?"

"சொல்ல எங்க விட்டேள்?"

ஃப்ரீசரின் மூலையிலிருந்து பழைய அலுமினிய ஐஸ் தட்டை எடுத்து, குழாயடியில் காட்டித் தட்டி, ஐஸைத் துண்டில் சுற்றி என் காலில் வைத்தாள் மாமி. "தண்ணி ஊத்தி வச்சா ஐஸ் ஆயிடறது. இதுக்கு என்ன பிரசங்கம்?"

மாமா நல்ல மனுஷர். உடனே கம்பியை இறக்கிவிட்டார்.

மறுநாள் காலை கேபிள்காரர் வந்தார். எதிர்வீட்டிலிருந்து குரல் கேட்டது: "கம்பி எப்பவும் எறங்கித்தான் இருக்கணும், தெரியுமோ? தப்பித் தவறி இப்படித் தூக்கிட்டா..."

டக்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டுக்கு அண்மையில் புதுச் சாமான் ஏதாவது வந்திருக்கிறதா? அதைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்ட விருந்தாளி, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனாரா? போங்கள், போய் முதலில் அந்தக் கம்பியைப் பாருங்கள்.