டொல்பின் பழுதாக மாட்டேன் என்கிறது

கீழ்ப்பிரிவு,
நமுனுகுல.
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

ஜப்பான் தேசத்தில் நகோயா நகரத்துக்குப் பக்கத்தில் வசிக்கும் அன்புக்குரிய மைத்துனர் நிமலனுக்கு, ஓய்வுபெற்ற டீமேக்கர் மாரிசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா விஜயலெட்சுமியும் சுகம். முருகன் துணையால் நீயும் சுகமாக இருக்க வேண்டும். மழை பரவாயில்லை, தேயிலைக் கொழுந்து பரவாயில்லை, என் முழங்காலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால்தான் அந்த வார்த்தையைப் போட்டேன், மற்றதைக் கீழே படித்துத் தெரிந்துகொள்ளவும். வாட்சப்பில் பேசலாமே என்று கேட்பாய். உன் குரல் கேட்டவுடன் உன் அக்கா போனை அரிசி டின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், லயத்து வீடுகளில் பாதிப் பேர் நம் வாசலுக்கு வந்துவிடுவார்கள். இந்த விஷயம் அவர்கள் யாருக்கும் தெரியக்கூடாது, முக்கியமாக உன் அக்காவுக்கு. ஆகவே கடிதம்.

விஷயம் உன் டொயோட்டா வேன்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் நீ ஜப்பானுக்குப் போகும்போது சாவியை என் கையில் கொடுத்து, "ரெண்டே மாசம் பாத்துக்கங்க மச்சான், வேற யார் கையிலயும் குடுத்துராதீங்க" என்று சொன்னாய். நானும் அப்போதுதான் பென்ஷன் எடுத்திருந்தேன், வீட்டில் சும்மா இருப்பதற்கு ஒரு வேன் இருந்தால் கௌரவம்தானே என்று வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு உட்கார்ந்தவன் இன்னும் இறங்கவில்லை. மூக்கைப் பார்த்து ஊரெல்லாம் டொல்பின் என்று கூப்பிடும் அந்த வண்டி இந்த ஏழு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலையில் சாவியைத் திருப்பினால் முக்கி முனகி "இன்றைக்கு என்னால் முடியாது ஐயா" என்று சொன்னதில்லை. எனக்கு வருஷத்துக்கு மூன்று முறை காய்ச்சல் வருகிறது, முதுகு பிடிக்கிறது, உன் அக்காவுக்கு மாதத்தில் நாலு நாள் தலைவலி, தோட்டத்து லொறி வாரத்தில் பாதி நாள் கராஜில். டொல்பினுக்கு மட்டும் ஒன்றுமில்லை. மூன்று லட்சம் கிலோமீட்டர் வரை மீட்டரைப் பார்த்தேன், பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

வண்டி நன்றாக ஓடினால் சந்தோஷம்தானே என்று நினைப்பாய். பழுதாகாத வண்டி வைத்திருப்பவனுக்கு லீவு கிடையாது மச்சான். பிரசவக் கேஸ், பாம்புக் கடி, சடங்கு வீட்டுக்கு நாற்காலி, சாவு வீட்டுக்குப் பந்தல் தகரம், தேர்த் திருவிழாவுக்கு நாதஸ்வரக்காரர்கள், பண்டாரவளைச் சந்தைக்குப் போகும் முட்டைக்கோவா மூட்டை, எல்லாவற்றுக்கும் டொல்பின். மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு மண்சரிவு எச்சரிக்கை என்று யாராவது மைக்கில் சொன்னால் போதும், பாடசாலைக்கு ஆட்களை ஏற்றிப்போக நான் பதினோரு நடை போக வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை, உயிர் விஷயம். ஆனால் போன மழைக்கு ஒன்பதாவது நடையில் ஒரு ஆடும் டிவியும் மட்டும் ஏறின, ஆள் யாரும் இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை இந்த வண்டியில் ஏறியவர் யாரும் செத்ததில்லை என்று ஒரு பேர் வந்துவிட்டது. பார்த்தால் உண்மைதான், நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒருவர்கூட இல்லை. இரண்டு பிள்ளைகள் வண்டிக்குள்ளேயே பிறந்திருக்கின்றன, அதில் ஒன்றை வீட்டில் கூப்பிடுவதே டொல்பின் என்றுதான். ஆகவே தோட்டத்து லொறி வந்து நின்றாலும் ஏற மாட்டார்கள், "ஐயா வரட்டும்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் பொனட்டில் யாரோ திருநீறு பூசிவிட்டுப் போகிறார்கள். எனக்கு ஒரு டீ தருவாரில்லை.

இதில் உன் பேரும் கெட்டுக்கிடக்கிறது. நீ அங்கே சோற்றுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் ஊறுகாய் வைக்கும் வேலை பார்க்கிறாய், வேலைக்குச் சைக்கிளில் போகிறாய் என்று நான் எத்தனை முறை சொன்னாலும் ஒருவரும் நம்புவதில்லை. ஜப்பானில் இருக்கிறான் என்றால் டொயோட்டாவில்தான் இருப்பான், மாரிசாமி ஐயா கண்ணூறு படக்கூடாது என்று மறைக்கிறார் என்கிறார்கள்.

இந்த வண்டி ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, உன் அக்கா சீரியல் பார்க்காத நேரமாக அவள் போனை வாங்கி அந்தக் கம்பெனியின் சரித்திரத்தையே ஒரு வீடியோவில் பார்த்தேன். ஆதியில் அவர்கள் வண்டிக்காரர்களே இல்லையாம், தறி செய்தவர்களாம். குடும்பப் பேர் டொயோடா, வண்டிக்கு வைக்கும்போது கொஞ்சம் மாற்றி டொயோட்டா என்றார்களாம், ஜப்பான் எழுத்தில் எழுத எட்டுக் கோடுதான் வரும், எட்டு அங்கே ராசியாம். நம் ஊரில் எட்டு என்றால் சனி. எனக்கும் இந்த வண்டிக்கும் கணக்கு ஒத்துவராததற்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. அதை விடு, என்னைத் தூக்கிப்போட்டது வேறு விஷயம். அந்த முதல் பெரியவர் செய்த தறியின் பெருமையே என்ன தெரியுமா, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடுமாம். ஓடுவது இல்லை பெருமை, நிற்பது. அதே புத்திதான் பிறகு கார் கட்டும் இடத்துக்கும் வந்ததாம். ஏதாவது தப்பாகப் பட்டால் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாமாம், சரிசெய்ய முடியாவிட்டால் வேலையே நிற்குமாம், யாரும் ஏச மாட்டார்களாம். முப்பத்தாறு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் கிடந்தவன் நான். நம் ரோலர் அறையில் அப்படி ஒரு கயிறு தொங்கி, அதை ஒருவன் இழுத்திருந்தால் அந்தக் கயிற்றாலேயே கட்டி தொரை பங்களாவுக்குக் கூட்டிப்போயிருப்பார்கள். வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். ஊரெல்லாம் அந்த வண்டி நிற்காமல் ஓடுவதைத்தான் கும்பிடுகிறது, அதைப் பெற்ற வீட்டில் நிற்கத் தெரிவதைக் கொண்டாடியிருக்கிறார்கள். எனக்கும் ஒரு கயிறு இருந்தால் தேவலை என்று பட்டது.

இல்லாததால் நானே ஒன்று கட்டப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மாசி மாதம் பட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பட்டரி செத்துப்போச்சு என்று சொல்லி வாசலில் உட்கார்ந்தேன். கோயில் கமிட்டிக்காரர்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். "நீங்க ஏறி ஒக்காருங்கய்யா, நாங்க தள்ளுறோம்" என்றார்கள். தள்ளினால் ஓடாது, உள்ளே வேறு கோளாறு என்றேன். அதில் ஒருவர் பொனட்டைத் திறந்து, "வயரு கழண்டிருக்குங்கய்யா, வயசாயிருச்சில்ல, கவனிச்சிருக்க மாட்டீங்க" என்று மாட்டிவிட்டார். பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகத் தேவையான ஒரு சின்ன ரிலேயைப் பிடுங்கி சர்க்கரை டின்னுக்குள் ஒளித்துவைத்தேன். அன்றைக்கு நிம்மதியாகப் படுத்து மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டேன், ஏழு வருஷத்தில் அதுதான் நான் அனுபவித்த மத்தியானம். எழுந்து பார்த்தால் வண்டி ஸ்டார்ட்டில் நிற்கிறது. பஸ் டிரைவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தன் பஸ்ஸில் உதிரியாகக் கிடந்ததை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். "டொயோட்டா பார்ட்ஸ் இல்லாத எடம் ஏதுங்க" என்றாராம். உன் அக்கா அவருக்கு டீ போடும்போது சர்க்கரை டின்னில் ரிலே கிடந்ததைப் பார்த்திருக்கிறாள், அதை எடுத்துத் துடைத்து என் தலைமாட்டில் வைத்திருந்தாள்.

இப்போது உண்மைக் காரணத்தைச் சொல்கிறேன், படித்ததும் இந்தத் தாளைக் கிழித்துவிடு. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. தைப்பொங்கல் கழிந்து ஒரு கேஸை ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனவன், சும்மா இருக்கிறோமே என்று கண் டொக்டரிடமும் காட்டினேன். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை வண்டி பக்கமே போகக்கூடாது என்றார். சரிங்க டொக்டர் என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வேறு எப்படி வருவது? கண்ணுக்குள் கத்தி வைப்பார்கள் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. லைசன் உள்ள இளவட்டம் எல்லாம் கொழும்பில் த்ரீவீல் ஓட்டுகிறது, கொடுக்கவும் ஆள் இல்லை.

சித்திரை வருஷப்பிறப்புக்கு அடுத்த வாரம், கொழுந்து எடை போட்டு முடிந்த நேரம், பனி மூடியிருந்தது. மேல் வளைவில் மதகுக் கல் ஒன்று தெரிந்தது. அந்த இடத்தில் மதகு உண்டுதானே என்று நானும் ஒதுங்காமல் வந்தேன். கல் நகர்ந்தது. பிரேக்கில் ஏறி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்த கொழுந்துக்காரி பெரியாயிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. அவள் பொனட்டைத் தொட்டுக் கும்பிட்டு, "ஆளு வர்றது வண்டிக்கே தெரியுதுங்கய்யா" என்று சொல்லிவிட்டு நடந்து போனாள். மறுநாள் லயம் முழுக்க அதே பேச்சு. டொல்பினுக்குக் கண் இருக்கிறது என்றார்கள். முப்பத்தாறு வருஷம் எனக்குக் கொழுந்து கொடுத்த கை பெரியாயியுடையது. ஒரு சாண் தவறியிருந்தால் நான் எந்த முகத்தோடு அந்த லயத்து வழியாக நடப்பேன்? எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். சாவியை எடுத்தாலே பயமாக இருக்கிறது.

இன்னும் மூன்று வாரத்தில் நம் லயத்து விதுஷாவுக்குப் பிரசவம். புருஷன் அஜந்தன் கொழும்பில் ஹோட்டல் வேலையில் இருக்கிறான். மாமியார் ராசம்மா இப்போதே வந்து, "டொல்பின்லதாங்கய்யா போகணும், வேற வண்டியில ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணைப் பின்னால் படுக்கவைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் நான் போக மாட்டேன். அது நடக்கக்கூடாது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். நல்ல தடித்த காகிதமாகப் பார்த்து, ஜப்பான் பாஷையில் ஒரு கடிதம் எழுதி, கீழே சிவப்பு முத்திரை ஒன்று குத்தி அனுப்பு. பழுதே ஆகாத பழைய வண்டி என்பதால் கம்பெனி தன் காட்சிசாலைக்குத் திருப்பிக் கேட்கிறது, உடனே ஓட்டத்தை நிறுத்தவும் என்று நான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன். நீ உள்ளே என்ன எழுதினாலும் சரி, நீ வாங்கும் அரிசிப் பையில் இருப்பதைப் பார்த்து எழுதினாலும் சரி, இங்கே வாசிக்க ஆள் இல்லை. மாரிசாமிக்குக் கண் போச்சு, அதனால் டொல்பின் நின்றது என்று ஊர் சொல்ல வேண்டாம். ஜப்பான்காரன் கூப்பிட்டுக்கொண்டான் என்று சொல்லட்டும். ஆட்களுக்கும் பெருமை, வண்டிக்கும் மரியாதை, எனக்கும் கயிறு.

குளிருக்குக் காதை மூடிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, அந்தப் பெட்டிகளில் மிச்சம் வந்தால் வெட்கப்படாமல் கேட்டு வாங்கு. உனக்குச் சீக்கிரம் ஒரு நல்ல இடத்தில் பெண் அமைந்து, நீ குறைவில்லாமல் வாழ நமுனுகுல மலையில் இருக்கும் எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொண்டு, களைத்துப்போய் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்,
மாரிசாமி.

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. முழங்கால் வலின்னு, தபால்ல போடச் சொல்லி என் கையிலதான் குடுத்தாரு. கவர்ல சோத்துப் பசை காயவே இல்ல, அதான் பிரிச்சுப் படிச்சேன். நீ ஜப்பான் கடிதம் ஒண்ணும் எழுத வேணாம். அவரு கண்ணு விஷயம் இந்தத் தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும்ங்கிறதுதான் அவருக்குத் தெரியாது. கோயில் தூணுக்கு வணக்கம் சொல்லிட்டு, பக்கத்துல நின்ன கணக்கப்பிள்ளைய முட்டிட்டுப் போன மனுஷன். மேல் வளைவுல ஹோர்ன் கேட்டா சனம் எல்லாம் ஆட்டையும் புடிச்சிக்கிட்டு மண்மேட்டுல ஏறி நின்னுரும். பெரியாயிக்கு அன்னைக்குச் சாக்குக்குள்ள கேக்கல. வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் காச்சல்ல கெடந்தா. ஐயா மனசு ஒடிஞ்சுரும்னுதான் வண்டிக்குத் தெரிஞ்சிச்சுன்னு சொல்லியிருக்கா.

அந்த வாரமே நான் பண்டாரவளையில எல் போர்டு போட்டுட்டேன். ஐம்பத்தெட்டு வயசுல. முதல் ட்ரயல்ல பெயில், ரிவர்ஸ் வரல. ரெண்டாவதுல பாஸ். போன திங்கக்கெழமை லைசன் வந்திருச்சு. அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக் கேஸ எல்லாம் அவருக்குத் தெரியாம டவுன்ல இருந்து வந்த த்ரீவீல்ல அனுப்பினோம், அவருக்கு நாற்காலி, பூ மூட்டை மட்டுந்தான். ராசம்மாவுக்கும் தெரியும், விதுஷாவ நாந்தான் கூட்டிட்டுப் போறேன். வண்டிய விக்கிறதா இருந்தா என்னைக் கேட்டுட்டு வித்துரு.

செவ்வாக்கெழமைக்குப் பதுளை கண்ணு டொக்டர்கிட்ட நாள் வாங்கியாச்சு, ஆஸ்பத்திரிக்கு ஒரு கேஸ் இருக்குன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். யாருன்னு கேட்டாரு. வயசான ஆளு, ரொம்பப் பயந்த சுபாவம், மெதுவாத்தான் கூட்டிட்டுப் போகணும்னேன். பெருமூச்சு விட்டுட்டு எந்திரிச்சுப் போனாரு. இப்ப வெளிய அந்த ஆளுக்காக டயர் எல்லாம் தடவித் தடவி காத்துப் பாத்துக்கிட்டு இருக்காரு.